கிடாய் கொடுத்து மீட்ட புத்தகம்

ஆறுதல்புரத்துக்குப் போய் இன்பமணி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "ஆட்டுக்குட்டி டாக்டரம்மா" என்று கேட்டால் கல்லறைத் தோட்டத்து வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், இதுதான் என்று கல்லைத் தொட்டுக் காட்டுவார்கள். அவள் மருந்து கலக்கினவளும் இல்லை, நாடி பிடித்தவளும் இல்லை. நாலாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவள். டாக்டர் என்பது அவள் புருஷன் அப்பாத்துரை. ஆட்டுக்குட்டி மட்டும்தான் அவளுடையது.

பிறந்த இடம் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு சின்னச் சபை. பத்துப் பதினைந்து குடும்பம் கூடுகிற கூரைக் கோயில். வாத்தியாரும், கோயிலில் பிரசங்கம் பண்ணுகிற உபதேசியாரும் அவள் தகப்பனார் தேவசகாயமே. அந்தத் தேவசகாயத்தின் பெரியப்பா மகள் மரகதத்தைத்தான் ஆறுதல்புரம் வேதமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. மரகதம் பெற்றது அப்பாத்துரை ஒன்றுதான். அவனுக்கு மீசை அரும்புமுன் அவள் கண்ணை மூடினாள். மூடுமுன் புருஷன் கையைப் பிடித்து, "எங்க அண்ணன் மகள எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேதமுத்து சொன்ன சொல் மாறாதவர். பிள்ளை சென்னைக்குப் போய் டாக்டருக்குப் படித்து வந்த பிறகும், கார் வைத்த வீட்டிலிருந்தெல்லாம் பெண் வந்த பிறகும், வில்வண்டி கட்டிக்கொண்டு கடனாநதி தாண்டிப் போய் இன்பமணியைத்தான் எடுத்தார்.

கழுத்தில் ஒரு சங்கிலி, இரண்டு பாய், ஒரு பொட்டி சேலை. அதோடு வந்தாள் இன்பமணி. இடது கெண்டைக்காலில் பிறை மாதிரி ஒரு வடுவும் வந்தது. சின்னப் பிள்ளையில் ஆற்றங்கரையில் புல் அறுக்கையில் பன்னருவாள் பட்டது. அதைப் பெற்ற தாயும் கட்டின புருஷனும் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. சேலைக்கட்டு கணுக்காலுக்கு மேல் ஏறாத காலம் அது.

ஆறுதல்புரம் பெரிய சபை. கல் கட்டிடக் கோயில், வெண்கல மணி. ஊர் நடுவில் எலிசபெத் கிணறு. எலிசபெத் என்பது வேதமுத்துவைப் பெற்ற தாய். தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் தண்ணீருக்குத் தவித்தபோது காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றி விற்று அந்தக் கிணற்றை வெட்டினவள். வாளியும் கயிறும் வாங்க வழியில்லாத சனம் என்று, தண்ணீர்வரை இறங்கிப் போகப் படி கட்டச் சொன்னாள். தலைப்படியில் ஒரு சிலுவையும் அவள் பேரும் கொத்தியிருக்கும். தாமிரபரணி இரண்டு மைல் தள்ளி ஓடியது. ஊருக்குக் குடிதண்ணீர் எலிசபெத் கிணறுதான். பெண்கள் சேலை நனைய முழங்கால் தண்ணீரில் நின்று குடம் முக்கினால்தான் அவர்களுக்கு முக்கினதாகத் தோன்றும்.

கல்யாணமாகி மறுவருஷம் இன்பமணிக்கு அந்த இடது காலிலேயே ஒரு கொப்புளம் எழும்பியது. நெருப்பை வைத்தது போல எரிந்தது. உடைந்தபோது நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று தலையை நீட்டியது. நரம்புச்சிலந்தி. அந்த ஊரில் அது அதிசயம் இல்லை. சித்திரை வைகாசியில் வீட்டுக்கு ஒருவர் காலை நீட்டிக் கிடப்பார்கள். அப்பாத்துரை சனிக்கிழமை சனிக்கிழமை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவன், அந்த முறை லீவு போட்டு வந்துவிட்டான். புழுவின் தலையை ஒரு தீக்குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். காய்ச்சலில் இன்பமணிக்குப் பாதி நினைவு இல்லை. புருஷன் கால்மாட்டில் உட்கார்ந்து பென்சிலால் என்னவோ கீறிக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. கணக்குப் போடுகிறான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அவனுக்கு அந்தப் பெரிய பட்டத்தின்மேல் ஆசை வந்தது.

டாக்டர் ஆனவனுக்கு மேலே என்ன பட்டம் என்று ஊரில் கேட்டார்கள். டாக்டருக்கும் மேலே ஒரு டாக்டர் உண்டாம். சென்னைச் சர்வகலாசாலை கொடுக்கிறதாம். முதலில் எழுத்துப் பரீட்சை. அப்புறம் முன்பின் தெரியாத நோயாளியைப் படுக்க வைத்து, இவனுக்கு என்ன நோக்காடு சொல் என்று கேட்கிற பரீட்சை. அதிலும் தேறினால், உலகத்தில் ஒருவரும் சொல்லாத ஒரு விஷயத்தைத் தானே ஆராய்ந்து கண்டுபிடித்துப் புத்தகமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பெரியவர்கள் வாசித்து, ஆளை எதிரே நிற்கவைத்து மடக்கி மடக்கிக் கேட்பார்கள். அதற்கும் நின்றால் பட்டம்.

முதல் தடவை போனான். நோயாளிப் பரீட்சையில் விழுந்தான். திரும்பி வந்து இரண்டு நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். இன்பமணிக்கு உள்ளே பற்றி எரிந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் அரிசிப் பானைக்கு முன்னால் முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணினாள்: "ஆண்டவரே, இவிய பரீட்ச தேறிட்டாவன்னா, இவிய உழைப்போட முதற்பலன உம்ம சன்னதியில கொண்டாந்து வைப்பேன்."

மறுவருஷம் இரண்டு பரீட்சையும் தேறினான். யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் அது.

முதற்பலன் என்றால் அந்தச் சனங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். தோட்டத்தில் முதல் பூசணிக்காய், தென்னையில் முதல் குலை, கோழியிட்ட முதல் முட்டை, பிள்ளை வாங்கின முதல் சம்பளம், எல்லாம் ஆண்டவருக்கு. ஆனால் அப்பாத்துரை முன்னமே சம்பளக்காரன். பரீட்சை தேறினதற்காக ஒரு அணாவும் கூடவில்லை. அப்படியானால் எதை வைப்பது? இன்பமணி தலையைப் பிய்த்துக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் அவன் புத்தகத்தை முடித்தான். இரண்டு வருஷம் சுற்றுவட்டாரத்துக் கிணறு குளமெல்லாம் இறங்கி, தண்ணீரைச் சீசாவில் பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து எழுதினது. படமெல்லாம் அவன் கையாலேயே வண்ணம் தீட்டினது. ஒரு சனிக்கிழமை அதை வெள்ளைத் துணியில் பொதிந்து கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

"பத்திரமா வையி. திங்கக்கிழம வந்து எடுத்துட்டு ராத்திரி ரயில ஏறணும். இந்த வாரத்துக்குள்ள சென்னையில சேராட்டா இன்னும் ஒரு வருஷம் காத்துக் கெடக்கணும்."

"எல்லாம் முடிஞ்சுட்டா?"

"முடிஞ்சுது. என் உழைப்பெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு ஏட்டி."

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் முறை இருக்கிறது என்று அன்றைக்கே போய்விட்டான். இன்பமணிக்கு உடம்பு புல்லரித்தது. 'என் உழைப்பெல்லாம்' என்று அவன் வாயாலேயே வந்துவிட்டதே! மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதற்பலன் வைக்கிற ஸ்தோத்திரப் பண்டிகை. இதைவிட உத்தரவு என்ன வேண்டும்?

அவள் பிறந்த சபையில் ஸ்தோத்திரப் பண்டிகையன்று பிள்ளைகள் புத்தகத்தையும் சிலேட்டையும் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். தகப்பனார் ஜெபம் பண்ணி, அவரவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படித்தான் இங்கேயும் இருக்கும் என்று நினைத்தாள். மூன்று வருஷமும் பண்டிகைக்குப் பிறந்த வீட்டுக்கே போய்விட்டபடியால் இந்த ஊர் வழக்கத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். பொருத்தனையை வெளியே சொன்னால் பலிக்காது என்று வாயை மூடிக்கொண்டாள்.

விடிந்ததும் பீடத்தடியில், ஒரு வாழைத்தாருக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில், வெள்ளைத் துணிப் பொதியை வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் வந்து பாயில் உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்தது. திருப்பிக் கொடுப்பார்கள் என்று பார்த்திருந்தாள். நாலு பேர் வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள்.

"எங்க கொண்டு போறாவ?" என்று பக்கத்தில் இருந்த பியூலாவைக் கேட்டாள். பியூலா வேதமுத்துவின் தம்பி மகள், கல்யாணத்துக்கு நிற்கிற பெண்.

"ஏலத்துக்கு மதினி. முதற்பலன் பூராவும் ஏலம் விடுவாவல்லா?"

"பூராவுமா?"

"ஒரு வெள்ளரிப் பிஞ்சுகூட மிஞ்சாது."

வேப்பமரத்தடியில் உபதேசியார் கிருபைராஜ் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஏலம் விடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"இந்தப் பூசணிக்காயப் பாருங்கவே! நம்ம சாமுவேல் அண்ணாச்சி தல மாதிரி, வழுக்கையும் கனமும்! ஒரு தரம்..."

"உபதேசியாரே, உள்ள இருக்கதும் ஒண்ணுதானா?" என்று ஒரு குரல். சிரிப்பு. பூசணிக்காயைச் சாமுவேலே எடுத்தார்.

அடுத்ததாக வெள்ளைத் துணியைத் தூக்கினார். "இது என்னதுவே, பலகாரமா?" அவிழ்த்தார். "புஸ்தகம்லா! இங்கிலீசு! கைப்பட எழுதுனது. நம்ம டாக்டர் தம்பி எழுத்து. அண்ணாச்சி, உம்ம வீட்டு முதற்பலனா?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வேதமுத்து ஒன்றும் அறியாதவர். ஆனாலும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மருமகளை எட்டிப் பார்த்துத் தலையை அசைத்தார்.

இன்பமணி எழுந்து ஓடி அதைப் பிடுங்கியிருக்கலாம். துணியவில்லை. காணிக்கை வைத்ததில் வஞ்சனை பண்ணி, நின்ற இடத்தில் விழுந்து செத்த புருஷன் பெண்சாதி கதையைத் தகப்பனார் எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறார்! ஆண்கள் கூட்டத்தில் போய்ப் பெண்பிள்ளை கை நீட்டுவதும் அந்த ஊரில் இல்லாத காரியம்.

"படம் இருக்காவே?" என்று ஒருவர் கேட்டார். "படம் இருந்தா கூடக் கேக்கலாம்."

"இருக்கே!" என்று உபதேசியார் முதல் படத்தை விரித்து, தலைக்கு மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றினார்.

ஒரு கால். முழங்காலுக்குக் கீழே, மாநிறம், உயிருள்ள கால் போலவே. அதில் ஒரு புண், புண்ணிலிருந்து தீக்குச்சியில் சுற்றின வெள்ளைப் புழு.

"அடி ஆத்தீ, பொம்பளக் கால்லா!" என்றாள் ஒருத்தி.

பெண்கள் பக்கம் ஒரே சேலைச் சரசரப்பு. எல்லோரும் தங்கள் காலை இழுத்து மூடிக்கொண்டார்கள். இன்பமணி மூடவில்லை. படத்தில் புழுவுக்குப் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு வடு இருந்தது.

அவள் கால். ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கால். காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தபோது கால்மாட்டில் அவன் போட்ட கணக்கு இதுதானா! காதுக்குள் ஹோ என்று இரைந்தது. இது யார் கால் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணம் வரவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குள் உபதேசியார் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். "இந்தா, கிணறு! படி, சிலுவை, எல்லாம் அச்சா இருக்கு பாருங்க."

"எலிசபெத் கிணறுல்லா அது!"

"கீழ என்ன எழுதியிருக்கு?" என்றார் வேதமுத்து. தாயின் கிணறு புத்தகத்தில் ஏறிவிட்ட சந்தோஷம் அவருக்கு. "வாசியும் உபதேசியாரே, எல்லாரும் கேக்கட்டும்."

கிருபைராஜுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி அர்த்தம் சொல்லத் தெரியும். உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தார். முகம் மாறியது. "அது... பெறவு பாத்துக்கிடலாம் அண்ணாச்சி."

"வாசியும்வே."

"'இந்த ஊர் சனங்களுக்குச் சிலந்தி வாரது எலிசபெத் கிணத்துலருந்து. புண்ணுக்கால தண்ணியில வைக்காவ. புழுவோட குஞ்சு தண்ணிக்குள்ள போவுது. அந்தத் தண்ணியையே குடிக்காவ...'" அதற்குமேல் வாசிக்காமல் புத்தகத்தை மூடினார்.

வேதமுத்து எழுந்து நின்றார். ஏலத்துக்குக் கொண்டுவந்திருந்த மடிப்பணத்தை அப்படியே ஏல மேசையில் வைத்தார். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கட்டிலடியில் இருந்த தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை அப்பாத்துரை சிரித்துக்கொண்டே வந்தான். "எடு ஏட்டி, வண்டி நிக்கி."

இன்பமணி சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் அடிப்பான், ஏசுவான் என்று நின்றாள். அவன் அடுப்படியில் அம்மிக்கல்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஏலமா?" என்றான். மறுபடியும், "ஏலத்துலயா வச்ச?"

"எங்க ஊர்ல திருப்பிக் குடுப்பாவ."

"ரெண்டு வருசமா எழுதுனது. நாப்பது கிணறு எறங்கினது..." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். கரட்டுப் பிரதி ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்தது. ஆனால் அதில் படம் கிடையாது. படம் இல்லாவிட்டால் புத்தகம் செல்லாது.

அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "அந்தக் காலு என் காலுதான?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதைப் பற்றி அவன் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. "ஆமா... உன் கால்லதான் மொத மொத ஒழுங்காப் பாத்தேன். அங்கனயிருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"நீயும்தான் என்கிட்டக் கேக்கல."



அப்பாத்துரை தகப்பனாரிடம் போனான். வேதமுத்து பேச்சை வளர்க்கவில்லை. "ஏலே, ஆண்டவருக்கு வச்சது. நான் ஏலத்துல எடுத்தது. காணிக்கையத் திருப்பிக் கேக்கவனுக்கு என்ன வந்துதுன்னு ஒனக்கு நான் வாசிச்சுக் காட்டணுமா?"

"அப்பா, அது பொய்யில்ல. பூதக்கண்ணாடியில நீங்களே பாருங்க. படியை மூடிச் சுவர் கட்டி, கயித்துல எறச்சாப் போதும். ரெண்டே வருசத்துல ஊர்ல சிலந்தி இருக்காது."

"எங்கம்மா பாம்படத்த வித்து வெட்டுன கிணறுலே. அத விஷக்கிணறுன்னு எழுதி வெள்ளக்காரன் மேசையில வைக்கப் போறியா? அவ பேரையும் போட்டு?" கிழவர் அரைஞாணில் கிடந்த சாவி முடிச்சைத் தடவினார். "நான் கண்ண மூடுன பெறவு பெட்டிய ஒடச்சு எடுத்துக்கோ."

ஊரும் அவர் பக்கம்தான். புழுக்கிணற்று ஊர் என்று பேர் பரவினால் யார் பெண் கொடுப்பான், யார் பெண் எடுப்பான்? அதற்குள் இன்னொரு பேச்சும் கிளம்பிவிட்டது. படத்திலிருந்த பொம்பளைக் கால் யாருடையது? ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவள் யார்? போன வருஷம் பியூலா சிலந்திக்காக அண்ணனிடம் போய் ஒரு வாரம் இருந்தாளே! சரி, அது பியூலா கால்தான் என்று செவ்வாய்க்கிழமைக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்த மாசக் கடைசியில் நாசரேத்துப் பக்கத்திலிருந்து அவளைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள், இப்போது தோதுப்படாது என்று சொல்லி அனுப்பினார்கள். பியூலாவின் தாய் எஸ்தர் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"எம் மவ காலப் படம் போட்டு ஏலம் விட்டானே பாவி! அவன் பொண்டாட்டி காலப் போட வேண்டியதுதான!"

வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த இன்பமணியின் கையிலிருந்து சுளகு விழுந்தது.

வேதமுத்து வீட்டில் காலையில் குடும்ப ஜெபம் தப்பாது. மாமனார் வேதப்புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக, நாளுக்கு ஒரு பகுதி வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். புதன்கிழமை காலையில் வரிசைப்படி வந்தது முதற்பேறு பற்றின பிரமாணம். மனிதரிலும் மிருகத்திலும் முதலாவது பிறந்ததெல்லாம் ஆண்டவருக்கு. ஆனால் கழுதை முதல் ஈற்று ஈன்றால், அதற்குப் பதில் ஒரு ஆட்டுக்குட்டியைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். வேதமுத்து எப்போதும்போல நிறுத்தி நிறுத்தி வாசித்துப் போனார். இன்பமணி அதுவரை எத்தனையோ தடவை அதைக் கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

சாயங்காலம் கோயிலில் ஜெபக்கூட்டம். முடிகிற நேரம். வாசலில் "மே" என்று ஒரு சத்தம். இன்பமணி, சபை கூடிச் சாப்பிடுகிற அசனத்துக்கென்று வளர்த்த வெள்ளாட்டுக் கிடாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பெண்கள் பாயைத் தாண்டினாள். ஆண்கள் பாய்க்கும் பீடத்துக்கும் நடுவில் போய் நின்றாள். அந்தக் கோயில் கட்டினதிலிருந்து அந்த இடத்தில் ஒரு பெண் நின்று பேசினது கிடையாது.

"ஏளா, என்ன இது?" என்றார் உபதேசியார்.

"மாமாவத்தான் கேக்க வந்தேன்." கயிற்றைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். "காணிக்கையத் திருப்பிக் கேக்கல மாமா. கேட்டா என்ன நடக்கும்னு எனக்கும் தெரியும். காலையில நீங்க வாசிச்சிய. கழுதக்குட்டிய ஆட்டுக்குட்டி குடுத்து மீட்டுக்கிடலாம்னு. உங்க மவன் புஸ்தகத்தக் கழுதன்னே வச்சுக்கிடுங்க. இந்தா ஆடு."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக்கினார். அப்பாத்துரை தூணோடு ஒட்டிப்போனான்.

"பிரமாணம் சரி," என்றார் வேதமுத்து. "புஸ்தகம் போனா ஊர் மானம் போவுமே. நம்ம பியூலா கதியப் பாத்தியா? அதுக்கு எந்த ஆட்டக் குடுப்ப?"

இன்பமணி எஸ்தர் இருந்த பக்கம் திரும்பினாள். "சின்னத்த, அது பியூலா காலு இல்ல." குனிந்தாள். சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கினாள். சாயங்கால வெளிச்சத்தில் பிறை வடுவும், அதன் பக்கத்தில் புழு வந்த தழும்பும் அத்தனை பேருக்கும் தெரிந்தன. "என் காலு. நல்லாப் பாத்துக்கிடுங்க. இனிமே யாரும் பியூலாவப் பேசக்கூடாது."

எஸ்தர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பெரியவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்பமணி சேலையை விட்டுவிட்டாள், ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. கிடாய் பீடத்து விரிப்பைக் கடிக்க ஆரம்பித்தது.

உபதேசியார் கிருபைராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார். "மூணாவது படம் என் முழங்கால் அண்ணாச்சி. அன்னைக்குப் புரட்டையிலயே தெரிஞ்சுபோச்சு. ஏலம் விட்ட வாயால எப்படிச் சொல்லுவேன்?"

"நாலாவது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது சாமுவேல் அண்ணாச்சியதா இருக்கும். வழுக்கக் காலு."

இப்போது சிரிப்பு அடங்கவில்லை. சிரிப்புக்கு நடுவே எஸ்தர் அழுகிற சத்தமும் கேட்டது. வேதமுத்து மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து கிடாயின் கயிற்றை மருமகள் கையிலிருந்து வாங்கினார். மகனைப் பார்த்தார்.

"கொண்டு போலே. ஆனா எங்கம்மா பேர அடிச்சிரு. கிணறு இருக்கட்டும், அவ பேரு வேண்டாம்."

"அடிச்சிருதேன்ப்பா."

அன்றைக்கே அவர் கண்முன்னால், எலிசபெத் என்று வந்த இடமெல்லாம் மையால் தடவி மூடினான். வியாழக்கிழமை ஆற்றுப் பாலத்து ஸ்டேஷனில் ரயில் ஏறினான். புத்தகம் தவணைக்குள் போய்ச் சேர்ந்தது.

நேரில் நிற்கிற பரீட்சைக்கு ஐப்பசியில் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவன் வாசலில் நின்றபடியே, "குடுத்துட்டாவ, பட்டம் குடுத்துட்டாவ" என்றான். தெரு கூடிவிட்டது. எஸ்தர் சீனி அள்ளி அவன் வாயில் போட்டாள். ஆனால் அவன் முகத்தில் தெளிவு இல்லை என்பதை இன்பமணி பார்த்துவிட்டாள். கூட்டம் கலைந்ததும் கேட்டாள்.

"புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு, இந்த மைக்கு அடியில என்ன இருக்குன்னு கேட்டாவ. கிணத்துப் பேர மறைச்சா எந்தக் கிணறுன்னு எப்படித் தெரியும், இவன் ஊகத்துல எழுதுதான்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா என்ன சொல்லுவேன்னு மடக்கிட்டாவ. நிக்க முடியல. அது எங்க ஆச்சி பேருன்னு சொல்லிட்டேன். பேர எழுது, இல்லன்னா எடுத்துக்கிட்டுப் போன்னாவ." அவன் குரல் அடங்கியது. "எழுதிட்டேன்."

"மாமாகிட்ட வாக்குக் குடுத்தியளே!"

"குடுத்தேன்."

திரும்பிப் பார்த்தால் வேதமுத்து நடைவாசலில் நிற்கிறார். எல்லாம் கேட்டுவிட்டார். கிழவர் மகனையும் பார்த்தார், மருமகளையும் பார்த்தார். வெளியே போனார்.

எங்கே போனார் என்று தெரியவில்லை. தாயின் கிணற்றில் போய் விழுந்துவிடுவாரோ என்று நினைத்துவிட்டாள் இன்பமணி. ஓடினாள். பின்னாலேயே அப்பாத்துரை ஓடினான்.

கிழவர் கிணற்றில்தான் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கடப்பாரையோடு, தலைப்படியில் நின்றார். தாயின் பேர் கொத்தின கல்லை முன்னமே பெயர்த்து எடுத்து, மேலே தரையில் சாய்த்து வைத்திருந்தார். அடுத்த படியின் இடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பினார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிய?" என்றார் மேலே பாராமலே. "அவ பேரு புஸ்தகத்துல ஏறிட்டுல்லா. இனிமே இதுக்குள்ள புழு இருக்கக்கூடாது. அந்தக் கல்ல யாராவது ஒருத்தர் கழுவி வையுங்க, சுவர் எழும்பினதும் மேல பதிக்கணும்."

இன்பமணி கல்லைக் கழுவினாள்.

படி மூடிச் சுவர் எழும்பி, உருளையும் கயிறும் போட்டு, முதல் வாளித் தண்ணீரை அவள் கையாலேயே இறைக்கச் சொன்னார்கள். அந்த வருஷ அசனத்தில் அந்தக் கிடாயைத்தான் அறுத்தார்கள். ஊர் முழுக்கச் சாப்பிட்டது. மாமனார் முதல் இலையை மருமகளுக்குப் போடச் சொன்னார். அவள் சோற்றை மட்டும் பிசைந்து தின்றுவிட்டு, கறியைப் பைய பியூலா இலைக்குத் தள்ளினாள். பியூலாவுக்கு அந்தத் தை மாசம் கல்யாணம்; அதே நாசரேத்துப் பக்கத்து வீடுதான்.